ஃபிளிப்டு கிளாஸ்ரூம்: மார்க் வருகிறது, வார்டில் தைரியம் வரவில்லையே?

டர்பன்_டியூட்டர்:
வணக்கம். டர்பனில் நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பழைய நாலு வருஷப் படிப்பு போய் மூன்று வருஷ டிப்ளமோ வந்ததிலிருந்து நேரம் போதவே இல்லை, அதனால் பாடத்தை வீடியோவாக முன்னாலேயே அனுப்பிவிட்டு வகுப்பில் நோயாளி கேஸ் பேசுகிறோம், ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்பது இதுதான். டெஸ்ட் மார்க் மோசமில்லை. ஆனால் டிரிப் கணக்கை போர்டில் கச்சிதமாகப் போடுகிற பிள்ளை, வார்டில் சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலர் கிளாம்ப்பைத் தொடவே தயங்குகிறது. போதாக்குறைக்கு "மிஸ் இப்போ பாடமே நடத்துறதில்ல" என்று புகார் வேறு. இந்த முறையில் தன்னம்பிக்கை வளரும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

சாட்ஸ்வொர்த்_சிஸ்டர்:
"கேஸ் பேசுகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். வீடியோ நேரத்தை மிச்சம் பிடித்துத் தரும், அவ்வளவுதான். அந்த நேரமும் வாய்ப்பேச்சிலேயே போனால் கை எப்போது பழகும்? தன்னால் முடியும் என்ற எண்ணம் எப்படி வருகிறது என்று உளவியலாளர் பண்டூரா 1977-லேயே எழுதிவிட்டார்: தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடம்பின் படபடப்பு அடங்குவது. இதில் முதலாவதுதான் வலுவானது. 1000 மில்லி சலைன், 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. போர்டை விட்டுவிட்டு, பையை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, சொட்டு விழும் சேம்பரைப் பாதி நிரப்பி, வாட்சைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். 15 விநாடிக்குப் பத்தோ பதினொன்றோ விழ வேண்டும். கூடவே ஒருத்தி நோயாளியாகப் படுத்துக்கொண்டு "இது என்ன மருந்து, ஏன் இவ்வளவு மெதுவா?" என்று ஜூலு மொழியில் நச்சரிக்கட்டும். நம்ம பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் ஜூலுவில் கேள்வி வந்துவிடுமோ என்பதுதான், ஊசியெல்லாம் அப்புறம்.

மூன்றாம்_வருஷம்:
மாணவி பக்கத்தையும் கேளுங்கள் மிஸ். காலை 7 முதல் இரவு 7 வரை வார்டு, அப்புறம் டாக்சி பிடித்து ஃபீனிக்ஸில் வீடு வந்து சேர்ந்து, சொந்த டேட்டாவில் 40 நிமிஷ வீடியோ என்றால் யார் பார்ப்பார்கள்? பார்க்காமல் வந்தவளை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டால் இருக்கிற தைரியமும் போய்விடும். எங்கள் டியூட்டர் ஆறேழு நிமிஷத் துண்டுகளாக வெட்டி, கல்லூரி வைஃபையிலேயே இறக்கிக்கொள்ள விட்டார், கூடவே இரண்டு பக்க நோட்ஸ். வகுப்பு தொடங்கும்போது மார்க் இல்லாத ஐந்து கேள்வி. அது சரியாக இருந்தது.

நைட்_ஷிப்ட்_அண்ணன்:
அந்தப் புகாரைப் பற்றி. 2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள்: தாங்களே செய்து கற்ற வகுப்பில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் அவர்களுக்குத் தோன்றியது. ஆகவே புகார் வரத்தான் செய்யும், ஏன் இப்படிச் செய்கிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, தங்கச்சி. தனக்குத் தானே மார்க் போடும் தன்னம்பிக்கை ஃபாரத்தில் ஐந்துக்கு ஐந்து போடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் கரைக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும். அதைக் கையில் எடுக்கும்போது நின்று லேபிளை இன்னொரு தரம் படிக்கிற பிள்ளைதான் என் ஷிப்டில் வேண்டும். ஃபார மார்க்கையும் ஓஸ்கி (செய்முறைத் தேர்வு) மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் எங்கே விலகுகிறதோ அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள்.

டர்பன்_டியூட்டர்:
நன்றி அண்ணே, அக்கா. அடுத்த வாரம் ஸ்கில்ஸ் லேபில் ஜூலு பேசுகிற பிள்ளைகளையே நோயாளியாகப் படுக்க வைக்கப் போகிறேன். சலைன் பை எங்கே வாங்குகிறீர்கள்?

சாட்ஸ்வொர்த்_சிஸ்டர்:
காலாவதியானதை ஸ்டோரில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் காலிப் பையில் குழாய்த் தண்ணீரே போதும். "பயிற்சிக்கு மட்டும்" என்று மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள், லேபை விட்டு வெளியே போகக் கூடாது.