உச்சி வெயிலில் மரம் வெட்டிய கதை

ஒட்டுப்பால்:
நேற்று இங்கே ஒரு தம்பி “இந்த வருடம் எனக்குப் பிடித்த புத்தகங்கள்” என்று ஐந்து நூல்களைப் போட்டிருந்தார். முதலிடம், போன மாதம் நம் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் வெளியிட்டார்களே, அந்தப் புது ரப்பர் தோட்ட நாவலுக்கு. பெயரை நான் எழுதப்போவதில்லை, எழுதியவர் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், நாளைக்கு மார்க்கெட்டில் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். எனக்குக் கோபம் நாவல் மேல் இல்லை. “தோட்ட வாழ்க்கையை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொன்ன நாவல்” என்று தம்பி எழுதினாரே, அதன் மேல். பக்கம் 53-ஐத் திறந்து பாருங்கள். கதாநாயகி உச்சி வெயிலில் நின்று மரம் வெட்டுகிறாள், அதாவது பால் எடுக்கப் பட்டையைச் சீவுகிறாள். உச்சி வெயிலில்! நான் 13 வயதில் உளி பிடித்தவள், 31 வருடம் மரம் வெட்டினேன். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கு, இடுப்பில் கொசுவர்த்தி என்று காட்டுக்குள் நுழைந்தால், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்திருப்போம். பத்து, பதினொரு மணி என்றால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து பாலை வாளியில் ஊற்றித் தோளில் காண்டாக் கம்பு வைத்துத் தூக்குகிற நேரம். உச்சி வெயிலில் வெட்டினால் மங்கின் அடிகூட நனையாது. இதுதான் ஓர் எழுத்து பிசகாததா?

தாமான் வாசகன்:
அக்கா, பட்டியல் போட்டது நான்தான். 280 பக்க நாவலில் உங்கள் கண்ணில் பட்டது ஒரே ஒரு வெயிலா? அந்தப் பெண்ணின் வாழ்க்கை, தோட்டத்தை விற்ற பிறகு லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லும் இடம், இதெல்லாம் எதுவும் இல்லையா? நாவல் என்ன நேர அட்டவணையா?

ஒட்டுப்பால்:
லயத்தைக் காலி செய்த இடத்தில் நானும் அழுதேன் தம்பி. ஆனால் பக்கம் 53-இல் சிரித்துவிட்டேன். ஓர் எழுத்து பிசகாமல் என்று சொன்னது நீங்கள், நான் இல்லை.

கிராணி மகன்:
அக்காவுக்கு ஒரு விஷயம் மறந்துபோயிருக்கலாம். ராத்திரி மழை பெய்தால் பட்டை ஈரமாக இருக்கும். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் நிற்காது, மரம் முழுக்க வழிந்து மண்ணில் போகும். அதனால் பட்டை காயும்வரை காத்திருந்து லேட்டாக வெட்டுவார்கள். எங்கள் அப்பா 22 வருடம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், அவருடைய செக்ரோல் பேரேட்டில் மழை நாள் எல்லாம் குறித்திருக்கும். அப்படி ஒரு நாளில் அவள் மத்தியானம் வெட்டியிருந்தால் என்ன தப்பு?

ஒட்டுப்பால்:
உங்கள் அப்பா ஆபீஸில் உட்கார்ந்து மழையைக் குறித்தார், நாங்கள் மரத்தடியில் நின்று நனைந்தோம். லேட்டாக வெட்டியது எனக்குத் தெரியாதா? அதிலும் எட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்குவோம், அதற்கு மேல் போனால் அன்றைக்கு வெட்டே கிடையாது, புல் வெட்ட அனுப்புவார்கள், சம்பளம் குறையும். உச்சி வெயிலில் யாரும் வெட்டியதில்லை. அதோடு அந்தப் பக்கத்தில் மழை எங்கே இருக்கிறது? வெயில்தான் இருக்கிறது.

தாமான் வாசகன்:
பக்கம் 47-இல் மழை இருக்கிறது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொள்கிறது. படித்துப் பாருங்கள்.

ஒட்டுப்பால்:
படித்தாயிற்று. அது முந்தின அத்தியாயம். நடுவில் கல்யாணம் ஒன்று நடக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் பெய்த மழையில் நனைந்த பட்டை, கல்யாணம் முடிந்த பிறகும் காயாமல் இருந்ததா?

ஈப்போ பஸ்:
சரிதான். இந்த மழை போகிற போக்கைப் பார்த்தால் சிப்புட் முழுக்க வெள்ளம் வந்துவிடும்.

கிராணி மகன்:
கல்யாணம் மறுநாளே நடந்திருக்கலாம், தேதி போடவில்லையே. ஆபீஸில் உட்கார்ந்தவர்கள் எழுதிவைக்கவில்லை என்றால் உங்கள் சம்பளம் எங்கே வந்திருக்கும் என்றும் கொஞ்சம் யோசியுங்கள் அக்கா.

ஒட்டுப்பால்:
யோசித்தேன். எங்கள் பாலை எடை போடும்போது வாளிக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்பதையும் சேர்த்தே யோசித்தேன். அது கிடக்கட்டும். நீங்கள் நாவலைப் படித்தீர்களா?

கிராணி மகன்:
பக்கம் 40 வரை வந்திருக்கிறேன். வேலை ஜாஸ்தி.

ஒட்டுப்பால்:
40! பக்கம் 47-க்கே இன்னும் வரவில்லை, அதற்குள் மழைக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டார்.

மூன்றாம் லயம்:
எனக்கு வேறொரு கேள்வி. இந்தப் பட்டியலில் இந்த வருடம் வந்தது அந்த ஒன்றுதான். மற்ற நாலும் பழசு. “புயலிலே ஒரு தோணி” 1972-இல் வந்தது, அது எப்படி இந்த வருடத்துப் புத்தகம்? அதையும் “நம் மலேசிய நாவல்” என்று எழுதியிருக்கிறீர்கள். ப. சிங்காரம் தமிழ்நாட்டுச் சிங்கம்புணரிக்காரர், இந்தோனேசியாவில் மேடானில் வேலை பார்த்தார், அப்புறம் ஊர் திரும்பி மதுரையில் பத்திரிகையில் இருந்தார். பினாங்கு கதையில் வருகிறது என்பதற்காக நம் நாவல் ஆகிவிடுமா?

தாமான் வாசகன்:
நான் இந்த வருடம் படித்தேன், அதனால் இந்த வருடத்துப் புத்தகம். சிங்காரம் எழுதிய பினாங்கை நம்மூர்க்காரர் எத்தனை பேர் எழுதினார்கள்? அவரை மேடானுக்கே அனுப்பிவிட்டால் நமக்குத்தான் நட்டம்.

மூன்றாம் லயம்:
அப்படியானால் “பால்மரக் காட்டினிலே” எழுதிய அகிலனும் மலேசிய எழுத்தாளர்தானே? அதையும்தான் நாலாவதாகப் போட்டிருக்கிறீர்கள். வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதினவருக்கு நாலாம் இடம். இங்கேயே பிறந்து இங்கேயே எழுதிய அ. ரெங்கசாமிக்கு இடமே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் நம் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட சயாம் ரயில் பாதையைப் பற்றி “நினைவுச் சின்னம்” என்று ஒரு நாவலே எழுதினாரே, கேள்விப்பட்டதாவது உண்டா?

தாமான் வாசகன்:
சயாம் ரயிலுக்குத்தான் ஆர். சண்முகத்தின் “சயாம் மரண ரயில்” இருக்கிறதே, இரண்டாவது இடத்தில். ஐந்துக்குள் எத்தனையைத்தான் திணிப்பது.

ஒட்டுப்பால்:
சயாம் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் அம்மாவின் அப்பா இங்கிருந்து போனவர். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்களாம், அவர் திரும்பவே இல்லை. பாட்டி சாகிற வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை, செத்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லையே என்று. அந்தப் புத்தகத்தைத் தம்பி இரண்டாவதாகப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் மரம் வெட்டுகிறதை முதலாவதாகப் போட்டிருக்கிறார்.

தாமான் வாசகன்:
அக்கா, தாத்தா கதையைச் சொல்லிவிட்டு மறுபடியும் வெயிலுக்கே வந்துவிட்டீர்களே. இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

ஈப்போ பஸ்:
மூன்றாவது இடத்தில் “பேய்ச்சி” இருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா? 2020-இல் உள்துறை அமைச்சு தடை செய்த நூல். தம்பி, வீட்டு முகவரியையும் சேர்த்துப் போடுங்களேன், வசதியாக இருக்கும்.

தாமான் வாசகன்:
2019-இல் வந்த உடனே வாங்கியது. தடை பின்னால் வந்தது. இப்போது மறுபடியும் படித்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் லயம்:
வாங்கியதா, இரவல் வாங்கியதா? என்னுடைய பிரதி ஒன்று மூன்று வருடமாகத் திரும்பி வரவில்லை. அட்டையில் தே தாரிக் தேநீர்க் கறை இருக்கும், இடப்பக்க மூலையில் என் பெயர் எழுதியிருக்கும்.

தாமான் வாசகன்:
அதை நான் எடுத்ததாக யார் சொன்னது? உங்கள் அண்ணன்தான் எடுத்துப்போனார்.

மூன்றாம் லயம்:
அண்ணன் உங்களிடம் கொடுத்ததாகச் சொல்கிறார். சரி, இங்கே வேண்டாம், வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

கிராணி மகன்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து பக்கம் 60 வரை படித்துவிட்டேன். பக்கம் 51-இல் முற்றத்தில் சேறு என்று இருக்கிறது. சேறு இருந்தால் மழை பெய்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒட்டுப்பால்:
அது கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணீர்! அதே வரியில் அண்டா இருக்கிறது, அண்டாவை விட்டுவிட்டுச் சேற்றை மட்டும் படித்தீர்களா?

கிராணி மகன்:
அண்டா கழுவின தண்ணீரில் முற்றம் முழுக்கச் சேறு ஆகாது. நீங்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்பதற்காக நடந்தது நடக்காமல் போய்விடாது. எங்கள் தோட்டத்தில் லேட்டாக வெட்டியிருக்கிறார்கள், நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

ஒட்டுப்பால்:
எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?

கிராணி மகன்:
மணி பார்க்கவில்லை. சின்னப் பையன்.

ஒட்டுப்பால்:
சரி. நம்பவில்லை என்றால் மோட்டார் எடுத்துக்கொண்டு கோலகங்சார் போங்கள். 1877-இல் நட்ட கித்தா ரப்பர் மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. பன்னிரண்டு மணிக்கு அதன் பக்கத்தில் போய் நின்று, உன்னை இப்போது வெட்டலாமா என்று கேளுங்கள்.

ஈப்போ பஸ்:
வெட்டினால் போலீஸ் வரும் அக்கா.

தாமான் வாசகன்:
நான் எழுதியதை மாற்றுவதாக இல்லை. அந்த நாவல்தான் முதலிடம். “ஓர் எழுத்துகூடப் பிசகாமல்” என்பது பேச்சுக்குச் சொன்னது, அதை உளியை வைத்துக்கொண்டு அளக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனைதான் நிற்கிறது, மரம் எப்போது வெட்டினார்கள் என்று கேட்டால் சொல்லவே ஆள் குறைந்துகொண்டு வருகிற நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 35 வெள்ளி கொடுத்து வாங்கினேன், எனக்குப் பிடித்தது, போட்டேன்.

ஒட்டுப்பால்:
சொல்ல ஆள் குறைகிறது என்பதால்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு உங்கள் பிள்ளை அதைப் படித்துவிட்டு, எங்கள் ஆயா மத்தியானம் சாவகாசமாக எழுந்து போய் மரம் வெட்டினார் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும். நாங்கள் கொசுக்கடியில் இருட்டில் எழுந்து போனது எங்கே போகும்?

மூன்றாம் லயம்:
அக்கா சொல்வது சரி. ஆனால் அ. ரெங்கசாமியை ஏன் விட்டார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கிராணி மகன்:
முற்றத்துச் சேற்றுக்கும்தான் பதில் வரவில்லை.

ஒட்டுப்பால்:
சேற்றுக்கு அண்டாதான் பதில். பக்கம் 51, மேலிருந்து நாலாவது வரி, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். அடுப்பில் சோறு கொதிக்கிறது, வடித்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.