படத்தைப் படிப்பதும் படம் வரைவதும்: கணினியில் இரண்டும் ஒரே வேரா?

வினா – பள்ளத்தூர் வாசகர்

எங்கள் வீட்டு வளவில் பாவியிருக்கும் ஆத்தங்குடிக் கற்களைப் படமெடுத்து, அவற்றின் பூவேலையைக் கணினியில் கோடுகளாக வரைந்து வைக்க முயல்கிறேன். விளிம்பு கண்டறியும் நிரலோ, பூவின் ஓரத்தையும் கல்லின் விரிசலையும் வேறுபடுத்தாமல் கோடிடுகிறது. படத்தை ஆராயும் துறையும் வரைகலைத் துறையும் ஒன்றிலிருந்து பிரிந்தவையா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – கண்டனூர் அன்பர்

வணக்கம் ஐயா. 1957-இலேயே அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் குழுவினர், சுழலும் உருளையில் ஒட்டிய ஒரு கைக்குழந்தையின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளாகக் கணினியில் ஏற்றினர். குழந்தை அவருடைய மகனே. எனினும், தங்கள் வினாவுக்குரிய விடை 1963-இல் இருக்கிறது. எம்.ஐ.டி. என்னும் அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்விநிலையத்தின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 என்னும் ஒரே கணினியில், ஐவன் சதர்லாண்ட் ஒளிப்பேனாவால் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேட் நிரலை உருவாக்க, லாரன்ஸ் ராபர்ட்ஸ் புகைப்படத்திலிருந்து கட்டைகளின் முப்பரிமாண வடிவத்தை மீட்டெடுத்தார். அவருடைய நிரல் படத்தில் விளிம்புகளைக் கண்டு, கோடுகளாக்கி, பொருந்தும் திண்மங்களைத் தேர்ந்து, பின்னர் அதே பொருளை வேறொரு கோணத்திலிருந்து, கண்ணுக்கு மறையும் கோடுகளை நீக்கி வரைந்தும் காட்டியது. முற்பாதி பகுப்பாய்வு, பிற்பாதி வரைகலை. ஒரே வளவில் பிறந்த பங்காளிகள் பின்னாளில் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பதே என் கருத்து.

விரிசல் சிக்கலும் அங்கிருந்தே வருகிறது. ராபர்ட்ஸின் முறை நான்கு புள்ளிகளுக்குள் மூலைக்கு மூலை ஒளிர்வு வேறுபாட்டை மட்டும் கணக்கிடுவது. அதற்கு விரிசலும் விளிம்புதான். 1986-இல் ஜான் கேனி வெளியிட்ட முறை, படத்தை முதலில் மென்மையாக்கி, விளிம்பின் வலுவுக்கு இரண்டு வரம்புகளை வைத்து வலுவற்ற கோடுகளைக் கழிக்கிறது. அதை முயன்று பாருங்கள். ஆழமான விரிசல் அதிலும் தப்பி நிற்கும்.

மறுமொழி – தேவகோட்டை அன்பர்

பாகம் பிரிந்ததற்கு நினைவகத்தின் விலையும் ஒரு காரணம். 256 சாயல்களில் 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட ஒரே படத்துக்கு, புள்ளிக்கு ஒரு பைட்டாக, 2,62,144 பைட்டுகள் நினைவகம் வேண்டும். அறுபதுகளில் அது கட்டுப்படியாகாத செலவு என்பதால், வரைகலை வெறும் கோடுகளோடு நின்றது. யூட்டா பல்கலைக்கழகத்தில் கூரோ 1971-இல் வளைபரப்புக்குச் சீரான நிழல் தீட்டும் வழி கண்டார். அங்கேயே 1974-இல் எட்வின் கேட்மல் படத்தை வளைபரப்பின்மேல் போர்த்தும் முறையைத் தம் ஆய்வேட்டில் தந்தபோது, புகைப்படம் மீண்டும் வரைகலைக்குள் வந்தது.

இன்னொன்று: ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடிமேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில்தான் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். தங்கள் பூவுக்கு அச்சு எங்கேனும் கிடைத்தால், கல்லை விட்டுவிட்டு அச்சைப் படமெடுங்கள். அதில் கோடு மட்டுமே இருக்கும்.

பள்ளத்தூர் வாசகர்

நன்றி. அச்சைத் தேடி வரும் ஞாயிறன்று ஆத்தங்குடிக்குச் செல்கிறேன்.