டேம் கட்டுனா மீன் பெருகத்தானே செய்யோணும்? அப்பறம் சீனாவுல எப்படிங்க அழிஞ்சுது?

சத்திப்பையன்:
யாங்சி ஆத்துல துடுப்பு மாதிரி நீட்டு மூக்கு வச்ச பேடில்ஃபிஷ்னு ஒண்ணு, 3 மீட்டருக்கு மேல வளருமாம், 2022ல அது பூண்டோட அழிஞ்சு போச்சுன்னு ஐயுசிஎன் (எந்த உசுரு அழியுதுன்னு லிஸ்ட் போடற உலக அமைப்பு) அறிவிச்சுட்டாங்களாமா. அத்தாம் பெரிய மீன வலை போட்டே தீத்துட்டாங்களா? டேமும் ஒரு காரணம்னு போட்டிருக்குதுங்க, அதான் புரியல. நம்ம பவானிசாகர்ல கட்லா பெருசு பெருசா விழுகுதே?

மீன்கிறுக்கன்:
வலையும் உண்டுங்க, ஆனா அடிமடில கை வச்சது டேம்தான். அந்த மீன் முட்டை போடறது ஆத்துக்கு மேல, யிபின் பக்கம். குஞ்சு தண்ணி போக்குல எறங்கி கடல் முகத்துவாரம் வரைக்கும் போகும், வளந்து பருவத்துக்கு வந்தா திரும்ப மேல ஏறோணும். 1981ல கெசோபா டேம வச்சு ஆத்த அடைச்சாங்க, மீன் ஏறிப் போக ஒரு வழியும் விடல, கீழ மாட்டுனதெல்லாம் முட்டை போட எடமில்லாம கெழடாகியே முடிஞ்சுது. இதுல என்ன கொடுமைன்னா பெரிய மீனு பல வருசம் உசுரோட இருக்கும், அப்பப்ப வலைல சிக்கும், ஆளுக இன்னும் இருக்குதுன்னே நெனச்சுக்குவாங்க, ஆனா குஞ்சு வர்றது எப்பவோ நின்னிருக்கும். கடைசியா 2003ல ஒண்ணு கிடைச்சு சிக்னல் கருவி கட்டி விட்டாங்க, கொஞ்ச நேரத்துல சிக்னலும் போச்சு, மீனும் போச்சு.

கோபிக்காரி:
ஏனுங்ணா, நம்மூர்ல குஞ்சு கொண்டாந்து டேம்ல விடறாங்கல்ல, அப்படிப் பண்ணிருக்கலாமே?

மீன்கிறுக்கன்:
பண்ணைல அத ஒருக்காலும் முட்டை போட வைக்க முடியலீங்க. யாங்சில 10 வருசத்துக்கு மீன் புடிக்கக் கூடாதுன்னு 2021ல தடை போட்டாங்க, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. பவானிசாகர் கட்லாவும் நம்மாத்து மீனில்ல சாமி, வடக்கத்தி மீனு, குஞ்சு விடறதாலதான் விழுகுது. அத வச்சு ஆறு நல்லாருக்குன்னு சொல்லாதீங்க.

மாயாத்துக்கரை:
யாங்சி வரைக்கும் எதுக்குங்க போறீங்க, நம்ம காவேரில மஹசீர்னு ஒரு மீன் இருக்குதே, முதுகுல திமில் வச்சு, செட்டையெல்லாம் ஆரஞ்சு கலர்ல, 50 கிலோவுக்கு மேல வரும். 2018லயே அழியற நெலமைன்னு அதே ஐயுசிஎன் லிஸ்ட்ல போட்டாச்சு. இதுக்கும் குஞ்சு விட்டாங்க, ஆனா விட்டது மகாராஷ்டிராவுல பொரிச்ச நீலச் செட்டை மஹசீரு, அது வேற ஜாதி, ஆத்துல அது பெருகிடுச்சு நம்முளுது ஒதுங்கிப் போச்சு. அதுபோக ஆத்துல வெடி போட்டுப் புடிக்கறவனுக வேற. இப்ப மிச்சம் இருக்கறது பெரும்பாலும் மாயாத்துலதான்.

சத்திப்பையன்:
மாயாறா, நமக்குப் பக்கந்தானுங்ணா. தூண்டில் போட விடுவாங்களா?

மாயாத்துக்கரை:
அட ஏப்பா, முதுமலை, சத்தி ரெண்டும் புலிகள் காப்பகம். தூண்டிலோட போனா ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போட்டுருவாங்க.