ஹோர்ட்டன் சமவெளி, ஒஹியா பக்கம் போனவர்கள் எழுதுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:
ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவில் உலக முடிவு (World's End) என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பற்றி எழுத வரவில்லை, அதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பூங்காவின் பார்வையாளர் நிலையமான ஃபார் இன்னின் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு ஆண் மரை மான், இடது கொம்பு நுனி முறிந்தது, எங்கள் வான் கதவுக்குள் தலையை நீட்டியது. மகள் கையிலிருந்த பணிஸைக் கொடுத்தாள். நான் தடுக்காமல் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வானிலிருந்து யாரோ மிச்சச் சோற்றுப் பார்சலை எறிய, அது சோறு சுற்றியிருந்த பிளாஸ்டிக் லன்ச் ஷீட்டோடு சேர்த்து மென்றது. வாயோரம் அந்தத் தாள் தொங்கியது. நடைபாதை தொடங்குமிடத்தில், பிளாஸ்டிக் உள்ளே போகக்கூடாதென்று போத்தல் லேபலைக்கூட உரித்து வாங்குகிறார்கள். வானுக்குள் இருப்பதை யார் பார்ப்பது?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
பார்சல் எறிந்தவரை மட்டும் சொல்லாதீங்க அண்ணே, பணிஸ் கொடுத்ததும் அதே பிழைதான். கொடுக்கக் கொடுக்கத்தான் அவை காட்டை விட்டு வானைத் தேடி வருகின்றன. நான் போனது 2019இல். ஒஹியா ஸ்டேஷனுக்கு 11 கிலோமீற்றர் நடந்தே இறங்கினேன். மழை, ரயில் தாமதம். கடைக்கார அம்மா அடுப்படிக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, "சட்டையக் காய வைங்க மகன்" என்றார். பிளேன்டீக்குக் காசு வாங்கவே இல்லை. திரும்பவும் போக வேண்டும், இன்னும் போகவில்லை.

தெமட்டகொடையிலிருந்து:
நாங்கள் பத்து மணிக்கு உலக முடிவில் நின்றோம். 870 மீற்றர் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மூடுபனி மட்டும். அம்மா அழுதுவிட்டார். அவருடைய முழங்காலுக்கு இனி அந்த ஏற்றம் முடியாது.

அதனால் சொல்கிறேன், கொழும்பிலிருந்து இரவோடு இரவாக வானில் ஓடாதீங்க. கோட்டை ஸ்டேஷனில் பதுளை ரயிலேறி முதல்நாளே ஒஹியாவிலோ பட்டிப்பொலவிலோ தங்குங்க. பட்டிப்பொல 1,898 மீற்றர் உயரம், குளிருக்குத் தடித்த ஸ்வெட்டர் வேண்டும். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். சின்ன உலக முடிவு, பெரியது, அப்புறம் பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வந்தால் சுமார் 9 கிலோமீற்றர். ஒன்பது மணிக்குள் விளிம்பைப் பார்த்துவிடுங்க. சாப்பாட்டை வாழையிலையில் கட்டி மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்க, மிச்சத்தை வீட்டுக்கே கொண்டுவாங்க. செருப்போடு போகாதீங்க, பாதை முழுக்கச் சேறும் கல்லும்.

வெள்ளவத்தையிலிருந்து:
கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்னது சரி, பிழை என்னுடையதுதான். அந்த மரைக்கு வயிறு வலித்திருக்குமா என்று மகள் நேற்றும் கேட்டாள். இந்த மாதம் யாராவது போனால், இடது கொம்பு முறிந்தது அங்கே நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.