கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் போட்டால் மூச்சே இல்லை

ஸ்டுடியோக்காரன்:
வணக்கம். கல்யாணப் படம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கடைக் கணினியில் உபுண்டு (லினக்ஸ்). ராத்திரி 11.30க்குப் படங்களை ஒரே கோப்பாகக் கட்டி வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட, கிரான்டேப்பில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் ‘கிரான்’ நிரலின் பட்டியல்) இந்த வரியைச் சேர்த்தேன். (மொபைலில் எழுதுகிறேன், கட்டளைகளையும் தமிழிலேயே தட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

30 23 * * * டார் -சிஇசட்எஃப் /பேக்கப்/படம்-$(டேட் +%எஃப்).டார்.ஜிஇசட் /வேலை/படங்கள்

‘டார்’ (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கட்டளை) என்பதிலிருந்து கடைசி வரை எடுத்து டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) ஒட்டினால், தேதி போட்ட கோப்பு அழகாக வருகிறது. கிரானில் மூன்று ராத்திரியாக ஒன்றும் இல்லை. கணினியை அணைப்பதும் இல்லை.

திண்ணை:
கிரானுக்கு உங்கள் டெர்மினலில் இருக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) முழுசாகத் தெரியாது. டாருக்கு முழு வழி கொடுங்கள். வரியின் கடைசியில் >> போட்டு ஒரு லாக் கோப்புப் பெயரும், அப்புறம் 2>&1ம் சேருங்கள், பிழைச் செய்தியும் அதில் விழும்.

ஸ்டுடியோக்காரன்:
இரண்டும் செய்தேன் அண்ணா. லாக் கோப்பே உருவாகவில்லை.

கருந்திரை:
அதுதான் துப்பு. டார் தோற்றிருந்தால் லாக்கில் ஏதாவது புலம்பியிருக்கும். கோப்பே இல்லை என்றால் ஷெல் (கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) அந்த >> வரைக்கும் போகவே இல்லை. கணினியின் பதிவேடான /வார்/லாக்/சிஸ்லாக்கில் 23:30 பக்கம் கிரான் என்ன எழுதியிருக்கிறது, பாருங்கள்.

ஸ்டுடியோக்காரன்:
வரி பாதியில் நிற்கிறது! “படம்-$(டேட் +” வரைதான் இருக்கிறது. கீழே ‘நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்’ என்று ஒரு வரி.

கருந்திரை:
அகப்பட்டது. கிரான்டேப்பில் % என்றால் வரி முடிந்தது என்று அர்த்தம். முதல் %க்குப் பிறகு வருவதெல்லாம் கட்டளைக்கு உள்ளீடாகப் போய்விடும். அதனால் ஷெல்லுக்குக் கிடைத்தது மூடாத அடைப்புக்குறியோடு அரை வரி. அது பிழை என்று கத்தியது. அந்தக் கத்தலை உங்களுக்கு அஞ்சலில் அனுப்பக் கிரான் பார்த்தது. கணினியில் அஞ்சல் மென்பொருள் இல்லாததால் தூக்கிப் போட்டுவிட்டது. நானும் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்தான்.

% முன்னால் \ போட்டால் இப்போதே ஓடும். ஆனால் என் கட்சி வேறு: கிரான்டேப்பில் நேரமும் ஸ்கிரிப்டின் முழு வழியும் மட்டும் இருக்கட்டும். டார் வரியை ஒரு கோப்பில் எழுதி, முதல் வரியில் #!/பின்/பேஷ் போட்டு, சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்து அந்தக் கோப்புக்கு ஓடும் அனுமதி தந்துவிடுங்கள். அங்கே % சாதாரண எழுத்துதான். சோதிக்க ராத்திரி வரை விழித்திருக்க வேண்டாம், நேரத்தை இரண்டு நிமிடம் தள்ளி வைத்துப் பாருங்கள்.

ஸ்டுடியோக்காரன்:
ஓடிவிட்டது! ஆசை விடவில்லை, அன்றைய ஃபோல்டர் பெயரை ஒரு மாறியில் (வேரியபிள்) வைத்து அதை மட்டும் கட்டச் சொன்னேன். ஃபோல்டர் பெயர் ‘வரவேற்பு மாலை’. ‘வரவேற்பு’ என்று எதுவும் இல்லை, ‘மாலை’ என்று எதுவும் இல்லை என்று இரண்டு பிழை.

திண்ணை:
மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்: "$பெயர்" என்கிற மாதிரி. இல்லாவிட்டால் ஷெல் இடைவெளியில் வெட்டி இரண்டு பெயராக்கிவிடும். நிஜ ஸ்கிரிப்டில் மாறியின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

இன்னொன்று. வெளி டிஸ்க் மாட்டாத நாளில் /பேக்கப் வெறும் ஃபோல்டர். டார் ஒரு சத்தமும் இல்லாமல் உள் டிஸ்க்கிலேயே எழுதிவிடும். டாருக்கு மேலே ‘மவுண்ட்பாயின்ட் -க்யூ /பேக்கப் || எக்ஸிட் 1’ என்று ஒரு வரி போடுங்கள், டிஸ்க் மாட்டவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்டுடியோக்காரன்:
மேற்கோள் போட்டதும் சரியாகிவிட்டது. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு டிஸ்க்கை முறைப்படி கழற்றி, /பேக்கப் உள்ளே எட்டிப் பார்த்தேன். போன வாரம் கையால் ஓட்டியபோது வந்த இரண்டு கோப்பும் அங்கேதான் கிடக்கின்றன.