நிலநடுக்கப் பொறியியலில் பிஎச்டி: வேலையை விடலாமா?

வணக்கம். எம்.இ. ஸ்ட்ரக்சுரல் முடித்து ஆறு வருடமாக ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இப்போது பிஎச்டி ஆசை. வீட்டில் "இருக்கிற வேலையை விட்டுட்டா?" என்கிறார்கள்.

ஆசை வந்ததே எங்கள் அப்பார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில்தான். மேலே நான்கு மாடிக்கும் செங்கல் சுவர், கீழே வெறும் தூண்கள். 2001 குஜராத் புஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலேயே இப்படிக் கட்டியவை கீழ்த்தளம் நொறுங்கி உட்கார்ந்துவிட்டன. ஏற்கெனவே கட்டி முடித்ததை எப்படி வலுப்படுத்துவது? இதில்தான் ஆராய்ச்சி செய்ய விருப்பம். (தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கியை, நிலநடுக்கத்தில் அவிழாமலிருக்க, 135 டிகிரி வளைக்கச் சொன்னால் கம்பி கட்டுகிறவர் இன்றும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார், அது தனிக்கதை.)

ரூர்க்கி ஐஐடியில் இதற்கென்றே 1960 முதல் தனித்துறை இருக்கிறது. ஹைதராபாத் ஐஐஐடியில் ஒரு நிலநடுக்கப் பொறியியல் ஆய்வு மையம். பக்கத்திலேயே சென்னை தரமணியில் எஸ்இஆர்சி என்ற கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், அங்கே நிலநடுக்கம் போல ஆட்டிச் சோதிக்கும் அதிர்வு மேடையும் உண்டு.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சோதனைக்கூட வேலைக்கு எத்தனை மாதம் லீவு போட்டீர்கள்? என் கேட் (GATE நுழைவுத் தேர்வு) மதிப்பெண் மூன்று வருடம் தாண்டி காலாவதி. மறுபடி எழுதித்தான் ஆகணுமா? அப்புறம், வழிகாட்டிக்கு முதல் மின்னஞ்சலில் என்ன எழுதினீர்கள் என்றும் சொல்லுங்களேன்.