கொரோலா 110: முன்னுக்குப் புது ரயர் போட்ட பிறகு மழை வளைவில் பின்பக்கம் இழுபடுகிறது. ஷொக்கா, ரயரா?

மாங்குளம்_110
வணக்கம். கார் 1997 கொரோலா 110, மனுவல் கியர், ஏபிஎஸ் இல்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஐப்பசி மழை தொடங்கினதும் ஒரு புதுப் பிரச்சினை. ஒட்டுசுட்டான் பக்கம் ஈர வளைவுக்குள் போனபிறகு, வேகம் கொஞ்சம் கூடிவிட்டது என்று அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே இழுபடுகிறது. போன மாரியில் இப்படி இல்லை. அப்போது முன்பக்கம்தான் நேரே போகப் பார்க்கும். ஸ்ரியறிங்கை வெட்டினாலும் திரும்பப் பஞ்சிப்படும். அதனால்தான் இந்தமுறை மழைக்கு முதலே முன்னுக்கு இரண்டு புது ரயர் போட்டேன். அலைன்மென்ற்றும் பார்த்தாயிற்று. கராஜில் பின் ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். விலையைக் கேட்ட பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.

பரந்தன் சந்தி
முன்சில்லு இழுக்கிற காருக்குப் பின்பக்கம் பாரம் இல்லை, அதுதான் விஷயம். டிக்கிக்குள் இரண்டு மூட்டை மணல் போடுங்கள். ரயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்தால் றோட்டைப் பிடிக்கும்.

பழைய சாரதி
தம்பி, இரண்டும் வேண்டாம். மணல் மூட்டை பின்னச்சுக்கும் பின்னால் இருந்தால் முன்சில்லின் பாரம் குறையும், இழுக்கிற சில்லே அதுதான். பின்பக்கம் ஒருக்கால் ஆடத் தொடங்கினால் அந்தப் பாரமே இன்னும் வெளியே தள்ளும். காற்றைக் குறைப்பது அதைவிட மோசம். காற்றுக் குறைந்த ரயரின் நடுப்பகுதி தண்ணீரில் உள்வாங்கும், தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளாது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுக்கு ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள்.

இனி உங்கள் பிரச்சினை. காலை எடுத்ததும் பாரம் முன்னுக்குச் சாயும், பின்சில்லு லேசாகும். முன்னுக்குப் புது ரயர், அது வளைவை இறுக்கிப் பிடிக்கிறது. பின்னுக்குப் பழையது, அதால் தண்ணீரை வெட்ட முடியவில்லை. அப்போது காரின் மூக்கு திரும்ப, வால் வெளியே போகும். இரண்டு ரயர்தான் புதிது என்றால் அதைப் பின்னுக்குப் போடச் சொல்லித்தான் ரயர்க் கம்பனிகளே சொல்கின்றன, கார் எந்தச் சில்லால் இழுத்தாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் மெல்ல வேகத்தைக் குறைக்க அது தானாகப் பிடிக்கும். பின்பக்கம் போனால் பிடிக்கிற ஆட்கள் குறைவு. எங்கள் பக்க ரயர்க் கடைகளில் முன்னுக்குப் போடுவது வேறு கணக்கு: முன்சில்லுத்தான் கெதியாய்த் தேயும். அந்தக் கணக்கு கோடைக்குச் சரி.

ஷொக்கில் எண்ணெய் கசிகிறதா? டிக்கியை ஒருதரம் அமத்தி விட்டால் திரும்பத் திரும்ப ஆடுகிறதா? இரண்டும் இல்லையென்றால் காசைப் பத்திரமாக வையுங்கள். பின் ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், அதை எழுதுங்கள்.

மாங்குளம்_110
ஷொக்கில் கசிவு இல்லை அண்ணை, ஆட்டமும் இல்லை. எண் 3114. ஆனால் தவாளிப்பு ஆழமாகத்தான் இருக்கிறது, முந்தின சொந்தக்காரர் குறைவாகத்தான் ஓடியிருக்கிறார்.

பழைய சாரதி
2014ஆம் ஆண்டின் 31ஆவது கிழமை செய்தது. ஆழம் இருந்து என்ன பயன், றப்பர் செத்துவிட்டது. நகத்தால் அமத்திப் பாருங்கள், கல்லு மாதிரி இருக்கும். தவாளிப்புகளின் அடியில் நூல் வெடிப்புகளும் தெரியும். புதுசு இரண்டையும் இன்றைக்கே பின்னுக்கு மாற்றுங்கள், அப்புறம் முன்னுக்கும் இரண்டு வாங்க வேண்டும். அதுவரை பழையது முன்னுக்கு நிற்கும், அதனால் மெதுவாகப் போங்கள். A9 பெருந்தெருவில் மணிக்கு 70 கிலோமீற்றர் ஓடலாம் என்பது காய்ந்த றோட்டுக்கு.

தேங்கின தண்ணீருக்குள் ஸ்ரியறிங் திடீரென்று லேசானால் ரயர் றோட்டில் இல்லை, தண்ணீருக்கு மேல் இருக்கிறது. பிறேக் பிடிக்காதீர்கள், ஸ்ரியறிங்கை வெட்டாதீர்கள். மெல்லக் காலை எடுத்து நேரே வைத்திருங்கள், பிடி திரும்பி வரும். வயலிலிருந்து உழவு மெசின் ஏறுகிற சந்திகளையும் பார்த்துப் போங்கள். காபெற் றோட்டில் அது விட்டுப்போகிற செம்மண் சேற்றில் எந்த ரயரும் நிற்காது. முதல் மழைக்கு இன்னும் கவனம், கோடை முழுக்கப் படிந்த எண்ணெயும் புழுதியும் அன்றைக்குத்தான் மேலே வரும்.

ஸ்காபரோ_குளிர்
அண்ணை சொல்வது முழுக்கச் சரி. நானும் இங்கே கனடாவுக்கு வந்த புதிதில் 2001 கொரோலாதான் ஓடினேன். ஸ்னோவில் முன்சில்லு இழுக்கிற கார் நிறுத்தின இடத்திலிருந்து நன்றாக வெளிக்கிடும், எஞ்சின் பாரம் இழுக்கிற சில்லுக்கு மேலேதானே. அதைப் பார்த்து, நிற்கவும் செய்யும் என்று நம்பித்தான் ஆட்கள் பள்ளத்துக்குள் போவது. 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும், அதற்குத்தான் வின்ரர் ரயர். கியூபெக்கில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம், ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. காசு மிச்சம்பிடிக்க முன்னுக்கு மட்டும் இரண்டு வின்ரர் ரயர் போடுகிறவர்களும் உண்டு. ஐஸ் வளைவில் காலை எடுத்ததும் வால் முன்னுக்கு வரும். உங்களுக்கு ஒட்டுசுட்டானில் வந்தது அதே வியாதிதான்.

மாங்குளம்_110
ரயரை மாற்றிவிட்டேன். நேற்று நல்ல மழை, அதே வளைவு. மெதுவாகத்தான் போனேன். காலை எடுத்தபோது பின்பக்கம் அசையவில்லை. முன்பக்கம் முந்திப்போல் கொஞ்சம் நேரே போகப் பார்த்தது, வேகம் குறைய தானாகத் திரும்பிவிட்டது. முன் ரயருக்கு அடுத்த சம்பளத்தில் பார்ப்போம். இன்னொன்று: குளத்து வான்கதவு திறந்த நேரம் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது. பஸ் போகிறது, பின்னால் போகலாமா?

பழைய சாரதி
பஸ்ஸைப் பார்த்து இறங்காதீர்கள், அதன் பாரம் வேறு. ஓடுகிற தண்ணீர் அரைச்சில்லு உயரம் வந்தாலே சின்னக் காரை அரக்கிவிடும். ஓட்டமில்லாத தண்ணீர், அடி தெரிகிறது என்றால் முதல் கியரில் ஒரே வேகத்தில் போங்கள். நடுவில் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்ராட் பண்ணக் கூடாது; உள்ளே தண்ணீர் போயிருந்தால் பிஸ்ரனைப் பிடித்திருக்கிற கொன் றொட் வளையும். தள்ளித்தான் எடுக்க வேண்டும். கரையேறினதும் பிறேக்கை லேசாக அமத்தியபடி கொஞ்சத் தூரம் ஓடுங்கள். பின்னுக்கு டிரம் பிறேக் என்றால் காய நேரம் எடுக்கும்.